காவல் நாய்க்குட்டியும் கவ்வும் பயிற்சியும்

காவலுக்கென்று வளர்க்கும் குட்டியைக் கட்டிப்போட்டுக் கோலால் சீண்டிக் கோபமூட்டி வந்தால், அது வீரமுள்ள நாயாகும் என்பது பலருடைய எண்ணம். இது தவறு. அவ்விதம் வளர்ந்த நாய் திருடனை மட்டுமன்றி, களத்து வேலைக்கு வரும் ஆளையும் வீட்டுக் குழந்தையையும் கடிக்கத் துணியும். காவல் நாய்களை ஒழுங்காகப் பழக்கிப் பரீட்சை செய்யும் வழக்கம் ஜெர்மனி தேசத்தில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக இருந்து வருகிறது. அங்கே குட்டிக்கு முதற் பாடங்கள் கற்பிக்கப்படும் முறை, நாய் வளர்ப்போர் யாவரும் அறியத்தக்கது.

பரீட்சையின் நோக்கம்

குதிரைப்படையில் அதிகாரியாயிருந்த மாக்ஸ் வான் ஸ்டெபானிட்ஸ் என்பவர் 1899-ம் வருஷத்தில் ஜெர்மன் ஷெப்பர்டு நாய்ச் சங்கத்தைத் தோற்றுவித்தார். இந்நாய் ஆதியில் ஆட்டு மந்தையைக் காத்து நடத்தி வந்தது. மந்தை வேலை குறையவே, போலீஸ் முதலிய பணிகளுக்கு இதனைப் பழக்கலாயினர். தோற்றத்தை மட்டும் நோக்கி இனம் பெருக்கினால் வேலைக் குணம் கெட்டுவிடுமாதலின், 'ஷுட்ஸ்ஹுண்ட்', அதாவது காவல் நாய், என்னும் பரீட்சை ஏற்பட்டது. 2019 முதல் இது ஐ.ஜி.பி. என்ற பெயரால் சர்வதேச விதிகளின்படி நடைபெறுகிறது. மோப்பத்தால் தடம் பற்றிச் செல்லுதல், கீழ்ப்படிதல், காவல் என்ற மூன்று பகுதிகளுக்கும் தனித்தனியே 100 வீதம் மொத்தம் 300 புள்ளிகள் உண்டு.

காவல் பகுதியில் கவனிக்கத்தக்கது யாதெனின், அசையாது நிற்கும் மனிதனை நாய் கடிக்கலாகாது. எதிரில் நின்று குரைத்துக் காவல் செய்ய வேண்டும். அவன் ஓட முயன்றாலோ தாக்க வந்தாலோதான், அவன் அணிந்திருக்கும் தடித்த கைக்கவசத்தைக் கவ்வலாம். எஜமானன் ஆணையிட்டவுடன் விட்டுவிட வேண்டும். விடாத நாய்க்குப் புள்ளிகள் குறைவதுடன், தகுதியும் போய்விடலாம்.

முதற் பாடம்

குட்டிக்கு முதற் பாடம் விளையாட்டேயன்றிச் சண்டையன்று. மெல்லிய தோல் அல்லது கோணித் துண்டொன்றைக் கயிற்றில் கட்டித் தரையில் இழுத்துச் செல்வார்கள். ஓடும் இரையைத் துரத்துவது நாயின் இயற்கையாதலால், துண்டு எப்பொழுதும் குட்டியை விட்டு விலகி ஓட வேண்டும். அதன் முகத்துக்கு நேரே கொண்டுபோய் ஆட்டலாகாது. அவ்வாறு செய்தால் குட்டி அஞ்சிப் பின்வாங்கும்.

குட்டி துண்டை முன்பற்களால் மட்டும் பற்றாமல், வாய் நிறையக் கவ்வி அமைதியாகப் பிடித்திருக்க வேண்டும். அப்படிப் பிடித்தவுடன் துண்டை அதற்கே விட்டுவிட்டால், தான் வென்றதாக அது மகிழும். நுனியில் மட்டும் பிடித்தால் வெடுக்கென்று பிடுங்காமல், இலேசாக இழுத்துப் பின் சற்றுத் தளர்த்த வேண்டும். தளரும் தருணத்தில் குட்டி தானே ஆழமாகக் கவ்வும். சில நிமிஷங்களே போதும். குட்டி களைப்படையுமுன், ஆவல் குன்றாதிருக்கும்போதே நிறுத்துவது உத்தமம்.

பல் விழும் பருவம்

நான்காம் மாதத்தையொட்டிப் பால் பற்கள் விழத் தொடங்கி, ஏழாம் மாதத்துக்குள் பெரும்பாலும் நிலைப்பற்கள் முளைத்துவிடும். இக்காலத்தில் ஈறு நோவதால், பலமாக இழுக்கும் ஆட்டத்தை நிறுத்தி வைக்க வேண்டும். கவ்வினால் நோவு உண்டாகும் என்று ஒருமுறை அறிந்த குட்டி, பிற்காலத்தில் தயங்கித் தயங்கியே கவ்வும். அம்மாதங்களைக் கீழ்ப்படிதலுக்கும், அயலாரோடும் சந்தடியோடும் பழகுவதற்கும் செலவிடலாம்.

விடுதலும் பாடமே

கவ்வக் கற்பிக்கும்போதே விடவும் கற்பிக்க வேண்டும். வாயிலுள்ளதைப் பலவந்தமாகப் பிடுங்கினால் நாய் மேலும் இறுகப் பற்றும். ஆட்டத்தை நிறுத்தி அசையாமல் நின்று, ஒரே சொல்லால் ஆணையிட்டு, விட்டவுடன் மறுபடியும் துண்டை ஓடவிட்டால், விடுவதால் நஷ்டமில்லை என்பதைக் குட்டி உணர்ந்து கொள்ளும்.

அச்சத்தின் அடையாளம்

வாலை இடுக்கிக்கொண்டு, சட்டென்று கடித்து உடனே விட்டு ஓடும் நாய் அச்சத்தினால் கடிக்கிறது. பார்ப்பவர் இதனை வீரம் என்று மயங்குவதுண்டு. உண்மையில் வீரமுள்ள நாய் நிதானமாயிருக்கும். ஆகையால், அந்நியன் ஒருவன் கைக்கவசமணிந்து எதிரே நிற்கும் பாடம், குட்டி வளர்ந்து மனவுறுதி அடைந்த பின்னரே, அனுபவமுள்ளவரின் மேற்பார்வையில் நடைபெற வேண்டும். முதல் நிலைப் பரீட்சைக்கே 18 மாதம் நிரம்பியிருத்தல் அவசியம் என்ற விதி இதனை வற்புறுத்துகிறது.

பயிற்றுவிப்போர் இல்லாத இடத்தில் கடிக்கப் பழக்குவதில் தலையிடாதிருப்பதே நலம். தோப்புக்கும் தொழுவத்துக்கும் வேண்டுவது, அயலார் வருகையைக் குரைத்து அறிவித்து, எஜமானன் சொன்னவுடன் அடங்கும் நாய். அத்தகைய நாயை உருவாக்குவது கோலன்று, பொறுமையே.