ஒளியும் எண்ணும்

ஒரு மருந்தினால் உயிரணுவிலுள்ள குறிப்பிட்ட புரதம் எவ்வளவு குறைகிறது என்பதை அறிய விரும்பும் ஆராய்ச்சியாளர், அப்புரதத்துடன் ஒளிரும் சாயத்தைப் பிணைத்து, கான்போகல் நுண்ணோக்கியின்கீழ் ஆராய்வதுண்டு. இக்கருவியின் தத்துவத்திற்கு அமெரிக்க அறிஞர் மார்வின் மின்ஸ்கி 1957-இல் காப்புரிமை கோரினார். இன்றைய கருவிகளில் லேசர் ஒளி பொருளின்மீது புள்ளி புள்ளியாகப் பாய்கிறது. சாயம் வெளிவிடும் ஒளி ஒரு நுண்துளை வழியே செல்கிறது. குவியத் தளத்திற்கு மேலும் கீழுமிருந்து வரும் ஒளியை அத்துளை பெரும்பாலும் தடுத்துவிடுகிறது.

துளையைக் கடந்த ஒளியை மின்னோட்டமாக மாற்றுவது பெரும்பாலும் ஒளிமின்பெருக்கிக் குழலாகும். ஒளியால் வெளிப்படும் ஓர் எலெக்ட்ரான், அடுத்தடுத்த மின்வாய்களில் மோதி, ஏறத்தாழப் பத்து இலட்சமாகப் பெருகக்கூடும். அம்மின்னோட்டமே பின்னர் எண்ணாகப் பதிவாகிறது. ஒளி இருமடங்கானால் எண்ணும் இருமடங்காதல் வேண்டும். இதுவே நேர்விகிதத் தன்மை எனப்படும்.

இத்தன்மை இரு முனைகளில் பிறழ்கிறது. பதிவு 0 முதல் 255 வரை அமைந்த கருவியொன்றைக் கொள்வோம். மருந்திற்கு முன் 400 என்றும், பின் 200 என்றும் பதிவாக வேண்டிய ஒளி, 255, 200 என்றே பதிவாகும். புரதம் பாதியாகக் குறைந்திருப்பினும், ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே குறைந்ததாகத் தோன்றும். இங்ஙனம் இழந்த அளவைப் பின்னர் எக்கணக்கினாலும் மீட்க இயலாது.

கீழ்முனையில், ஒளியே இல்லாதபோதும் கருவி ஓர் எண்ணைக் காட்டலாம். அது 20 எனில், 80, 40 என்னும் அளவுகள் 100, 60 ஆகிவிடும்; ஆதலின் அதனைக் கழித்தே ஒப்பிடல் வேண்டும். மாறாக, தொடக்க நிலையை மிகத் தாழ்த்தி அமைத்தால், மங்கிய ஒளி முழுவதும் 0 ஆகி மறைந்துவிடும்.

ஒளிக்கு நேர்விகிதத்தில் இயங்கும் இக்குழல், தனக்கு அளிக்கப்படும் மின்னழுத்தத்திற்கு அவ்வாறு இயங்குவதில்லை. ஒன்பது, பத்து மின்வாய்கள் கொண்ட குழலில் மின்னழுத்தம் இருமடங்கானால், பெருக்கம் நூறு மடங்கிற்கும் மேல் உயரக்கூடும். எனவே ஒப்பிடப்படும் மாதிரிகள் அனைத்தையும் ஒரே மின்னழுத்தத்திலும் ஒரே லேசர் வலிமையிலும் பதிவு செய்தல் இன்றியமையாதது.

கருவியைச் சோதிக்கும் முறை எளியது. மாறாத ஒளியொன்றை, அளவறிந்த வடிகட்டிகளால் பாதியாகவும் கால் பங்காகவும் குறைத்துப் பதிவு செய்தல் வேண்டும். ஒளியற்ற நிலையின் எண்ணைக் கழித்தபின், எஞ்சிய எண்களும் அவ்வாறே குறைந்து, வரைபடத்தில் நேர்கோடாக அமைதல் வேண்டும். அக்கோடு வளையும் இடத்திற்கு அப்பால் கிடைக்கும் படம் கண்ணுக்கு அழகாயிருக்கலாம். மருந்தின் பயனை அளக்க அது உதவாது.