ஓர் அதிர்வு மட்டும் ஏன் ஒளிந்துகொள்கிறது?

கார்பன் டை ஆக்சைடு நேர்கோட்டு மூலக்கூறு. நடுவில் கார்பன், இருபுறமும் ஆக்சிஜன். இரு ஆக்சிஜன்களும் சேர்ந்தே வெளியே விலகி, சேர்ந்தே உள்ளே வரும் அதிர்வு ஒன்று அதற்கு உண்டு. அகச்சிவப்பு நிறமாலையில் எவ்வளவு தேடினாலும் அது அகப்படாது. ஏன்?

அகச்சிவப்பு ஒளியை மூலக்கூறு உட்கவர, அதிரும்போது அதன் மின்சுமை ஒருபக்கம் சாய வேண்டும். இந்த அதிர்விலோ இடப்பக்கம் நடப்பதை வலப்பக்கம் அப்படியே ஈடுகட்டிவிடுகிறது. ஓர் ஆக்சிஜன் நெருங்க மற்றது விலகினால் ஈடு கெடும். சென்டிமீட்டருக்கு 2349 அலைகள் என்ற இடத்தில் வலுவான கோடு விழும். மூலக்கூறு வளையும் அதிர்வு 667-இல் தெரியும். கார்பன் டை ஆக்சைடு பூமியின் வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் பெரும்பங்கு இந்த வளையும் அதிர்வுக்கே.

ஒளிந்த அதிர்வைக் காட்டுவது, 1928-இல் சி.வி. ராமன் கண்ட ஒளிச்சிதறல். அதற்கு எலக்ட்ரான் மேகம் விரிந்து சுருங்கினாலே போதும். சமச்சீர் மையமுள்ள மூலக்கூறில் அகச்சிவப்பில் தெரியும் அதிர்வு ராமன் நிறமாலையில் தெரியாது. அங்கே தெரிவது இங்கே தெரியாது.

இதை எப்படி முன்கூட்டியே சொல்கிறார்கள்? மூலக்கூறைச் சுழற்றியும் பிரதிபலித்தும் பார்த்து, ஒவ்வோர் அதிர்வும் குறி மாறுகிறதா என்று சமச்சீரின் கணிதமான குலக் கோட்பாட்டின் அட்டவணையில் சரிபார்க்கிறார்கள். கடினமான குவாண்டம் சமன்பாடு எதையும் தீர்க்க வேண்டியதில்லை. எனக்கு இதுதான் பெரிய வியப்பு. மூலக்கூறு அதிர்வுகளுக்கு இவ்வழியை 1930-இல் காட்டியவர் யூஜின் விக்னர்.

இரு நைட்ரஜனும் ஓர் ஆக்சிஜனும் கொண்ட நைட்ரஸ் ஆக்சைடுக்கும் கார்பன் டை ஆக்சைடின் அதே நிறை 44, அதே 22 எலக்ட்ரான்கள், அதே நேர்கோடு. ஆனால் அதன் மூன்று அதிர்வெண்களும் அகச்சிவப்பில் தெரிகின்றன. ஆக்சிஜன் நடுவில் இருந்தால் சமச்சீரால் ஓர் அதிர்வு ஒளிந்திருக்கும். ஆகவே ஆக்சிஜன் அதன் நடுவில் இல்லை, ஓரத்தில்தான் இருக்கிறது.