முதிய விரலும் கண்ணாடித் திரையும்

கைபேசியின் கண்ணாடி தன்மேல் விழும் அழுத்தத்தைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதேயில்லை என்பது, அதை நாள் முழுதும் தேய்த்துக்கொண்டிருப்பவர்களில் பலர் அறியாத விஷயம். கண்ணாடிக்கு அடியில், கண்ணுக்குப் புலப்படாத மின்கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. ஈரமும் உப்பும் நிறைந்த மனித சரீரமும் ஒரு கடத்தியாகையால், விரல் நெருங்கியதும் அவற்றைச் சூழ்ந்த மின்புலத்தில் சிறு மாறுதல் நேர்கிறது. அம்மாறுதல் எவ்விடத்தில் நேர்ந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, எப்பக்கம் நகர்ந்தது என்பவற்றைக் கொண்டே யந்திரம் நம் எண்ணத்தை ஊகிக்கிறது. 1965-ல் இங்கிலாந்தின் மால்வர்ன் நகரத்து ராடார் ஆராய்ச்சி நிலையத்தில் ஈ. ஏ. ஜான்சன் இத்தகைய திரையைப் பற்றி எழுதியபோது, விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் உத்தியோகஸ்தர்களுக்கே அது உதவும் என்று கருதினார். எழுபது வயதுப் பாட்டியார் ஒருவர் அவர் மனத்தில் இருந்திருக்க நியாயமில்லை.

பிராயம் ஏற ஏற விரல் நுனியின் வியர்வை குறைந்து தோல் வறள்கிறது. 1852-ல் மைஸ்னரும் வாக்னரும் வர்ணித்த நுண்ணிய ஸ்பரிச உறுப்புகள், வாலிபத்தில் அங்கே அடர்ந்திருந்தவை, வயோதிகத்தில் கணிசமாகக் குறைந்துபோகின்றன. முதுகுத்தண்டிலிருந்து தசைகளுக்குக் கட்டளை கொண்டுசெல்லும் நரம்பணுக்களில் சில மடிய, ஆதரவற்றுப் போன தசைநார்களை எஞ்சிய அணுக்கள் தம் பொறுப்பில் ஏற்றுக்கொள்கின்றன; ஒரே அணுவின் ஆணைக்குப் பல நார்கள் அசைவதால், இலேசான விசையை அளந்து கொடுக்கும் லாகவம் கைவிட்டுப் போகிறது. வறண்ட விரல் வழுக்குமாகையால், டம்ளரை எடுக்கும்போதுகூட முதியவர்கள் வேண்டியதற்குச் சற்று அதிகமாகவே இறுக்கிப் பிடிக்கிறார்கள். தொட்டது நன்றாகத் தெரியவில்லையென்றால் அழுத்தித் தொடு, நின்று தொடு என்று உடம்பு தானாகக் கண்டுபிடித்த யுக்தி இது. சுவிட்சும் தட்டச்சுப் பொறியும் அதற்கு ஆயுள் முழுதும் பலன் கொடுத்தே வந்திருக்கின்றன.

கண்ணாடியோ அதைத் தப்பர்த்தம் செய்துகொள்கிறது. பேரன் அனுப்பிய படத்தைத் திறக்க, பாட்டியார் விரலை நிதானமாக இறக்கி, பட்டதா இல்லையா என்ற சந்தேகத்தில் அங்கேயே ஊன்றி வைக்கிறார். ஏறக்குறைய அரை விநாடி கடந்ததும், அது தொடுதலல்ல, வேறொரு கட்டளை என்று யந்திரம் முடிவுசெய்ய, படம் நிறம் மங்கி, அதன்மேல் ஒரு சரிக்குறி விழுந்து, உச்சியில் குப்பைத்தொட்டிச் சின்னம் எழும்புகிறது. பயந்துபோய் அவர் இன்னும் பலமாக அழுத்துகிறார். விரல் சற்று நடுங்கினாலோ, பக்கமே நழுவி ஓடிவிடுகிறது. இதை முதியவர்களின் அறியாமையென்று வீட்டார் பரிகசிப்பதில் எனக்குச் சம்மதமில்லை. அரை விநாடி என்பது இயற்கை வகுத்த எல்லையல்ல, எங்கோ ஒரு பொறியாளர் வைத்த கணக்கு.

நேரத்தைப் போலவே பொத்தானின் அளவும் முதிய விரலுக்கு இடையூறாகிறது. தொட வேண்டிய குறி சிறுத்தாலும் தூரமானாலும் கை அதை எட்ட அதிக நேரமாகும் என்று அமெரிக்க உளநூலார் பால் ஃபிட்ஸ் 1954-ல் சூத்திரமாகவே வகுத்துவிட்டார். பொத்தான்கள் சுமார் 9 மில்லிமீட்டர் அகலமாவது இருக்கட்டும் என்று ஆண்ட்ராய்டு தயாரிப்பாளர்கள் பரிந்துரைப்பதும் அந்த வழியில் வந்ததே. விளம்பரத்தை மூடும் பெருக்கல் குறியை வரைகிறவர்கள் மாத்திரம் அச்சூத்திரத்தைக் கற்றுணர்ந்து அதற்கு நேர்விரோதமாக நடக்கிறார்களோ என்று எனக்கு வெகுநாளாகச் சந்தேகம்.

அந்த அரை விநாடியை நீட்டிக்கொள்ளவும், அடுத்தடுத்து விழும் தொடுதல்களைப் புறக்கணிக்கவும் பல கைபேசிகளில் இப்போது ஏற்பாடு உண்டு. அது அணுகல்தன்மை என்னும் தலைப்பின் கீழ், பட்டியலுக்குள் பட்டியலாக, பொடி எழுத்தில் ஒளிந்திருப்பதால், அதைத் தேடி மாற்றித் தரும் வேலை பரிகசித்த வீட்டாரையே சேர்கிறது.