உப்பளம் பக்கம் ஜீப்பில் போறீங்களா? திரும்பி வந்ததும் அடிப்பக்கம் கழுவுங்க!

வானூர்:-

தினமும் வேலைக்கு ஓட்டும் 4 வீல் டிரைவ் ஜீப்பை ஞாயிற்றுக்கிழமை சேற்றில் இறக்கிப் பார்க்க பலருக்கு ஆசை. திங்கட்கிழமையும் அதே வண்டியில்தான் வேலைக்கு போகணும்.

வானூரை அடுத்த மரக்காணம் உப்பளம் பக்கம் மண் வெள்ளையாக காய்ந்து கெட்டியாக தெரியும். சக்கரம் ஏறினால் மேல் ஓடு உடையும், உள்ளே களி. மாட்டிக்கிட்டா 4 சக்கரமும் சுத்தும், வண்டி நகராது. இதனால் 4 வீல் கியரை சேற்றில் இறங்கும் முன்பே போட வேண்டும். காய்ந்த தார் ரோட்டுக்கு வந்ததும் எடுத்து விட வேண்டும்.

டயரில் 30 பாயிண்ட் காற்று வைப்பவர்கள் மணலில் 18, 20 வரை குறைக்கலாம். டயர் பரந்து பிடிக்கும். அதே காற்றோடு கிழக்கு கடற்கரை சாலையில் விரட்டினால் டயர் சூடாகி வெடிக்கும். காற்றடிக்கும் பம்பு வண்டியிலேயே இருக்கட்டும். இழுக்கும் கயிறை பம்பரில் கட்டக்கூடாது, சேசிஸ் கொக்கியில்தான் மாட்ட வேண்டும்.

உப்பள வரப்பில் ஏற்றவே கூடாது. வரப்பு உடைந்தால் தொழிலாளியின் பாத்தி உப்பு போச்சு. கழுவெளி ஏரி 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே வனத்துறை அனுமதி வேண்டும்.

பெரிய பம்பர், கலர் லைட்டுக்கு பணத்தை கொட்டுபவர்கள் வாட்டர் சர்வீசுக்கு கணக்கு பார்க்கிறார்கள். உப்புச் சேறு சேசிஸ், பிரேக், ஒயர் இணைப்புகளில் ஒட்டினால் துரு வெளியே தெரியவே பல மாதம் ஆகும். அன்று மாலையே நல்ல தண்ணீரில் அடிப்பக்கம் முழுவதும் அடித்துக் கழுவி, காய்ந்ததும் கிரீஸ் வைக்க வேண்டும். பிரேக்கை நாலு தடவை மிதித்துப் பார்த்து விட்டு வண்டியை நிறுத்தலாம்.