சக்கரத்திலிருந்து கழன்ற ஈயம் என்னவெல்லாம் ஆகும் தெரியுமா?

கொட்டகலை வழியாக வளைந்து வளைந்து ஓடும் ஏ7 வீதியில் நிற்கும் ஏதாவது ஒரு வேனின் சக்கர விளிம்பைக் குனிந்து பாருங்கள். சாம்பல் நிறத்தில், விரல்நுனி அளவில் ஒரு துண்டு கவ்விக்கொண்டிருக்கும். டயரும் ரிம்மும் சுற்றிவர ஒரே எடையாக இருப்பதில்லை. அந்தச் சில கிராம் வித்தியாசம்தான் வேகம் ஏறும்போது ஸ்டியரிங்கை உதறவைக்கிறது. அதைச் சரிக்கட்ட அடிக்கிற துண்டு அது. டயர் மாற்றும்போது பழைய துண்டு கழன்று வாளிக்குள் விழும். குப்பை என்று நினைக்காதீர்கள், அந்த வாளிக்குள் பெரிய கதை கிடக்கிறது!

ஈயம் உருக வெறும் 327 பாகை சூடு போதும், தெரியுமா? விறகடுப்பே அதை எட்டிவிடும். கொட்டகலை உயரத்தில் தண்ணீர் 100 பாகை வரை காத்திருக்காது, 96ஐ ஒட்டியே கொதித்துவிடும். ஈயமோ மலையையும் மதிக்காது, கடலையும் மதிக்காது. கொழும்பிலும் அதே 327தான்!

அதைவிட வேடிக்கை, உருகிய ஈயத்தில் இரும்பு மிதக்கும்! ஒரு லீற்றர் ஈயம் உருகிய நிலையிலும் பத்துக் கிலோவுக்கும் மேல். அதனால் துண்டுகளில் இருந்த இரும்புக் கிளிப்புகள் தாமாகவே மேலே வந்துவிடும், கரண்டியால் வாரிப் போட வேண்டியதுதான். கொஞ்சம் மெழுகு போட்டுக் கிளறினால் அழுக்கும் மேலே திரளும். அதையும் வழித்தெடுத்துவிட்டு அச்சில் ஊற்றினால் பளபளவென்று ஈயக்கட்டி. வலையின் அடிக்கயிற்றில் கோக்கும் மணியாகவோ தூண்டில் குண்டாகவோ அதை மறுபடி வார்க்கலாம். கிளிப் வைத்த துண்டுகளில் சிறிது அந்திமனி கலந்திருப்பதால் கட்டி கெட்டியாக வரும். ஒட்டுகிற வகையோ பெரும்பாலும் சுத்த ஈயம், மெத்தென்றிருக்கும்.

ஒரு சொட்டுத் தண்ணீர் என்ன செய்யும் தெரியுமா? நீராவியானால் ஏறக்குறைய 1,700 மடங்கு பெருகும்! ஈரத்துண்டு ஒன்று உருகிய ஈயத்துக்குள் அமிழ்ந்தால் பானையில் இருப்பதெல்லாம் முகத்துக்கு வரும். நினைத்த நேரத்தில் மழை சிணுங்கும் மலைநாட்டில் இது சும்மா பேச்சில்லை.

இனி நம் தேயிலைக்கு வருவோம். மரப்பெட்டியில் தேயிலை கப்பலேறிய காலத்தில் உள்ளே விரித்திருந்தது என்ன தெரியுமா? ஈயத் தகடு! கடற்காற்றின் ஈரம் தூளைத் தொடாமலிருக்க அந்த ஏற்பாடு. சீனாவில் அதைச் செய்த விதம் இன்னும் அதிசயம். காகிதம் ஒட்டிய இரண்டு பெரிய ஓடுகள். கீழோட்டில் உருகிய ஈயத்தை ஊற்றி மேலோட்டால் சட்டென்று அமுக்குவார்கள். அவ்வளவுதான், மெல்லிய தகடு தயார்! பிற்பாடு அலுமினியத் தாள் வந்தது, இப்போது காகிதச் சாக்கு. குடிக்கிற பொருளுக்கு ஈய உறையா என்று இன்று நமக்குக் குலை நடுங்குகிறது. அன்று அதுதான் உயர்தரம்!

சீஸ் சுற்றி வந்த ஈயத்தில் தமிழ் எழுத்து வார்த்தார்கள் என்றால் நம்புவீர்களா? தரங்கம்பாடியில் நடந்தது! 1713இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் அளவில் மிகப் பெரியவை, காகிதத்தை விழுங்கின. சிறிய எழுத்து வார்க்க ஈயம் வேண்டுமே! இங்கிலாந்திலிருந்து வந்த சீஸின் ஈய உறைகளை அங்கிருந்த அச்சகத்தார் உருக்கினார்கள். 1715இல் அச்சாகி முடிந்த தமிழ்ப் புதிய ஏற்பாட்டின் பிற்பகுதிக்கு அந்தச் சிறிய எழுத்து. பழைய ஈயத்தை உருக்கியவர்களில் இவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பேன்.

நம் தீவின் தெற்கே, திஸ்ஸமகாராமைக்கு அருகில் அக்குறுகொடையில் பழங்கால ஈயக் காசுகள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் சிலவற்றில் பிராமி எழுத்தில் தமிழ்ப் பெயர்கள் என்பது தெரியுமா?

இத்தாலியில் ஒரு கூத்து. சார்டினியாக் கடலில் 2,000 ஆண்டுகளுக்கு முன் மூழ்கிய ரோமானியக் கப்பலிலிருந்து எடுத்த ஈயக்கட்டிகளில் 120ஐ 2010இல் கிரான் சாசோ மலைக்கடியில் இருக்கும் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனார்கள். நியூட்ரினோ ஆராய்ச்சிக்குக் கவசமாம்! புது ஈயத்தில் கதிர்வீச்சுள்ள ஈயம்-210 கொஞ்சம் ஒட்டியிருக்கும். 22 ஆண்டுக்கு ஒருமுறை அது பாதியாகும். இரண்டாயிரம் ஆண்டில் மிச்சம் ஏது? கட்டிகளின் மேலிருந்த ரோமானிய முத்திரைகளை மட்டும் வெட்டிப் பத்திரப்படுத்திவிட்டே உருக்கினார்கள்.

இத்தனை கெட்டிக்காரத்தனமும் உள்ள ஈயம் விஷம். உடலுக்கு இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளைகளின் மூளையைத்தான் முதலில் பிடிக்கும். வழித்தெடுத்த அந்தச் சாம்பல் தூள்தான் பெரிய எமன். லயத்து வாசலில் உருக்கவே கூடாது, அந்தப் பானை மறுபடி அடுப்படிக்குப் போகவும் கூடாது. ரசம் வைக்கும் ஈயச்சொம்பை நினைத்துப் பதறாதீர்கள், முறையாகச் செய்தது வெள்ளீயம், வேறு உலோகம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் புதுக் கார்ச் சக்கரங்களில் ஈயத்துண்டு கூடாது என்றுவிட்டது. அதனால் இப்போது வாளிக்குள் துத்தநாகமும் இரும்பும் கலந்து வருகின்றன. துத்தநாகம் உருக 419 பாகை வேண்டும். அடுப்பை அதற்குக் கீழேயே வைத்தால் அது உருகாமல் மிதக்கும், எடுத்துவிடலாம். தவறி உருகிக் கலந்தால் ஈயம் அச்சில் சரியாக ஓடாது, மொத்தமும் பாழ்! ஆகவே பானையில் போடுமுன் ஒவ்வொரு துண்டையும் குறடால் கடித்துப் பாருங்கள். தடம் பதிந்தால் ஈயம். பதியாமல் வழுக்கினால் ஒதுக்கிப் போடுங்கள்.