வளரிளம் பருவமும் பண்பாட்டுத் தாக்கமும்: பிஜித் தீவு தரும் பாடம்

10 வயது முதல் 19 வயது வரையுள்ள காலத்தை வளரிளம் பருவம் என உலகச் சுகாதார நிறுவனம் வரையறுக்கின்றது. உடல் விரைந்து வளரும் இப்பருவத்தில் ‘நான் யார்?’ என்னும் வினாவும் உள்ளத்தில் வளர்கின்றது. தன் அடையாளத்தைத் தேடுதலே இப்பருவத்தின் தலையாய பணி என்பார் உளவியல் அறிஞர் எரிக் எரிக்சன். அத்தேடலுக்குச் சூழலிலிருந்து கிடைக்கும் விடை உடல்நலத்தையும் பாதிக்கும் என்பதற்குப் பசிபிக் பெருங்கடலிலுள்ள பிஜித் தீவு நல்லதொரு சான்றாகும்.

அத்தீவின் பூர்வகுடி மக்கள் கட்டமைந்த பருத்த உடலையே போற்றி வந்தனர். வயிறார உண்பித்தல் அவர்களிடையே அன்பின் அடையாளம். ஒருவர் மெலிந்தால், சுற்றத்தார் அவரைப் பேணத் தவறினர் என்றே ஊரார் கருதுவர்.

1995ஆம் ஆண்டில் அத்தீவின் மேற்குப் பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது. மானிடவியல் அறிஞரும் மனநல மருத்துவருமான ஆன் பெக்கர், அது வந்த சில வாரங்களில் பள்ளி மாணவியர் 63 பேரையும், 1998இல் வேறு 65 பேரையும் ஆராய்ந்தார். உணவுக் கோளாற்றுக்குரிய மனப்போக்கு 12.7 விழுக்காட்டிலிருந்து 29.2 விழுக்காடாக உயர்ந்திருந்தது. எடை குறையத் தாமே வாந்தியெடுத்தோர் முதல் ஆய்வில் எவருமிலர், இரண்டாவதில் 11.3 விழுக்காட்டினர். இப்பழக்கம் பல்லை அரிக்கும். குருதியில் பொட்டாசியத்தைக் குறைத்து இதயத் துடிப்பையும் நிலைகுலையச் செய்யும்.

இரு வேறு குழுவினரை ஒப்பிட்ட சிற்றாய்வு ஆதலின், தொலைக்காட்சி ஒன்றே காரணம் என அறுதியிடல் இயலாது. எனினும் அம்மாணவியர் கூறிய காரணம் சிந்திக்கத்தக்கது. அவர்கள் அழகை மட்டும் விரும்பினாரல்லர். திரையில் கண்ட மெலிந்த பெண்கள் வேலையும் மதிப்பும் பெற்றிருந்தனர். தாமும் மெலிந்தால் அவை கிட்டும் என நம்பினர். மாறிவரும் உலகில் தமக்குரிய இடத்தையே அவர்கள் தேடினர். வழிகாட்ட வேறொருவர் இல்லாதவிடத்துத் திரை வழிகாட்டியாயிற்று.

இன்று அத்திரை கைபேசியாகி ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் உள்ளது. அதனைப் பறித்து வைப்பதனால் மட்டும் பயனில்லை. பிள்ளையின் தட்டில் சோறு மிஞ்சும்போது அதட்டுவதைவிட, அவள் உள்ளத்தில் எழுந்துள்ள வினா யாதெனக் கேட்டறிதல் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் கடமையாகும். மாணவச் செல்வங்களே! உங்கள் மதிப்பை எடைக்கருவியின் முள் காட்டாது. கல்வியும் உழைப்பும் பண்புமே உங்களுக்கு நிலைத்த அடையாளம் தருவன. அவற்றைத் தாங்கி நிற்கும் உடலை வருத்தாது பேணுங்கள்!