பேரன் காட்டிய போர்க்களம்

மார்கழிப் பனி இறங்கிவிட்டால் இறம்பொடையில் மாலை ஐந்து மணிக்கே விளக்கேற்ற வேண்டும். அத்தகைய மாலையொன்றில், எங்கள் வீட்டுக்கு மேலேயுள்ள பாறையின்மீது ஐந்தாறு பையன்கள் கூடியிருக்கக் கண்டேன். கையடக்கத் தொலைபேசிக்கு ஒழுங்காகச் சமிக்ஞை கிடைக்கும் இடம் சுற்றுவட்டாரத்தில் அந்தப் பாறை ஒன்றே. என் பேரனும் அங்கே இருந்தான். "மேட்டுல ஒருத்தன் படுத்திருக்கான்டா! கல்லுக்குப் பின்னால போ!" என்று அவன் போட்ட கூச்சல் பள்ளத்தாக்கில் மோதித் திரும்பியது.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் படிப்பித்துச் சோக்கட்டியோடு வாழ்ந்தவன் நான். பாடப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் துப்பாக்கி விளையாட்டா என்று கண்டிக்கும் எண்ணத்தோடுதான் மேலே ஏறினேன். ஆனால் கால்மணி நேரம் கழிந்தபோது நானும் அந்தப் பாறையில் குந்தி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அந்தச் சிறு திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாசகர்களிற் சிலர் முகம் சுளிக்கக்கூடும். இலக்கியப் பக்கத்தில் இதற்கென்ன வேலை என்றும் கேட்கக்கூடும். சற்றே பொறுத்தருள வேண்டுகிறேன்.

பையன்கள் பப்ஜி என்று செல்லமாக அழைக்கும் இவ்விளையாட்டை வகுத்தவர் பிரெண்டன் கிரீன் என்னும் அயர்லாந்துக்காரர். தென் கொரிய நிறுவனமொன்று 2017ஆம் ஆண்டு இதனை உலகுக்குத் தந்தது. மறு ஆண்டே அது கையடக்கத் தொலைபேசிக்கும் வந்து சேர்ந்தது. இந்திய அரசு 2020 செப்டெம்பரில் இதனைத் தடைசெய்ததைப் பத்திரிகைகளிற் படித்திருப்பீர்கள். நூறு பேர் ஓர் ஆகாய விமானத்திலிருந்து வெறுங்கையராகக் குடைவிரித்து ஒரு நிலப்பரப்பில் இறங்குகின்றனர். துப்பாக்கி, தோட்டா, தலைக்கவசம், மருந்துப் பெட்டி ஆகிய யாவற்றையும் அங்குள்ள வீடுகளுக்குள் புகுந்து தேடி எடுக்க வேண்டும். நிலத்தைச் சூழ்ந்து ஒரு நீலவட்டம் சிறிது சிறிதாகச் சுருங்கிவரும். அதற்கு வெளியே நிற்பவன் உயிர் தேய்ந்து மாள்வான். ஆகவே எல்லாரும் உள்நோக்கி நெருங்கி, ஒருவரையொருவர் மாய்த்து, இறுதியில் எஞ்சுபவனே வெற்றியாளன். அவனுக்குக் கிடைக்கும் பரிசு, கோழி விருந்து உனக்குத்தான் என்று திரையில் தோன்றும் ஓர் ஆங்கில வாசகம். அவ்வளவே! உண்மையான கோழியை எதிர்பார்த்தேன் என்று சொன்னதற்குப் பையன்கள் சிரித்தார்கள்.

ஆயுதங்களைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. ஜேர்மானியப் படை 1935இல் ஏற்றுக்கொண்ட கார் 98 என்னும் பழந்துப்பாக்கியும், சோவியத் நாட்டில் 1959இல் வந்த ஏ.கே.எம். துப்பாக்கியும் அங்கே ஒரே பலகையிற் கிடக்கின்றன. சுட்ட தோட்டா கண்ணிமைப்பொழுதில் இலக்கை எட்டிவிடுவதில்லை. தூரம் கூடக் கூட அது தாழ்ந்து விழுகிறது. ஓடுகிறவனைச் சுட வேண்டுமானால் அவனுக்குச் சற்று முன்னும், தொலைவிலிருப்பவனானால் தலைக்குச் சற்று மேலும் குறிவைத்தல் வேண்டும். இவற்றையெல்லாம் விட என் மனத்தைக் கவர்ந்தது பொரிக்கும் இருப்புச் சட்டி. அடுப்படியிற் கிடக்கும் அதை முதுகுப்புறம் தொங்கவிட்டுக்கொண்டால் பின்னாலிருந்து வரும் தோட்டா அதிற் பட்டுத் தெறித்துப் போகும். எந்தத் துப்பாக்கியாலும் துளைக்க முடியாதது அந்தச் சட்டி ஒன்றே என்று பேரன் பெருமையோடு சொன்னான்.

"அப்படியானால் நல்ல துப்பாக்கி கிடைத்தவன்தானே வெல்வான்?" என்று கேட்டேன்.

"இல்ல தாத்தா. துப்பாக்கிய வச்சிக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது. எடம் தெரியணும்."

அந்த ஒரு சொல்லில் என்னைப் பிடித்து உட்காரவைத்துவிட்டான். அன்று முதல் பல மாலைகள் அவனிடம் நான் மாணவனாக இருந்து கற்றது இடத்தைப் பற்றிய பாடத்தையே.

இவ்விளையாட்டின் முதல் நிலப்பரப்பு எராங்கெல் என்னும் கற்பனைத் தீவு. எட்டுக் கிலோமீற்றர் நீளம், எட்டுக் கிலோமீற்றர் அகலம். தெற்கே தனித்துக் கிடக்கும் ஒரு சிறு தீவில் படைமுகாம் இருக்கிறது. நல்ல ஆயுதங்கள் அங்கே ஏராளம். ஆனால் அதனைப் பெருந்தீவுடன் இணைப்பவை இரண்டே பாலங்கள். ஆயுதம் நிரப்பிக்கொண்டு ஜீப்பில் பறந்து வருகிறவனை, பாலத்தின் மறுமுனையில் பழந்துப்பாக்கியோடு படுத்திருக்கும் ஒருவன் சுலபமாக வீழ்த்திவிடுகிறான். எங்கே செல்வத்தைக் குவிப்பது, அதற்குப் போகும் வழியை எங்கே ஒடுக்குவது, எந்தக் குன்றின் தலையில் மரமின்றி விடுவது என்று வரைந்தவன் எண்ணியிருக்கிறான். சான்ஹொக் என்னும் காட்டுநிலம் நான்கு கிலோமீற்றர் சதுரமே. அங்கே கண்ணைவிடக் காதே துணை. விக்கெண்டி என்னும் பனிநிலத்திலோ நடந்தவனின் கால் தடம் பனியிற் பதிந்து அவனைக் காட்டிக் கொடுக்கிறது.

இதனைக் கேட்டபோது நம் முன்னோர் நினைவு வராமற் போகுமா? நீர், வெளிநிலம், மலை, காடு ஆகிய நான்கையும் அரணுக்கு உறுப்பாக எண்ணிய அதிகாரம் ஒன்று திருக்குறளிலேயே உண்டு. கண்டி மன்னர்கள் அந்தக் கணக்கை வாழ்ந்து காட்டினார்கள். 1660 முதல் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அந்நாட்டிற் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ், மலைப்பாதைகளை மறித்து நின்ற முட்கதவுகளைப் பற்றி எழுதியிருக்கிறான். பாதைகளை அகலப்படுத்தாமல் ஒற்றையடியாக வைத்திருந்ததே அவர்களுடைய முதல் ஆயுதம். பீரங்கியும் இரும்புக் கவசமும் கொண்டு வந்த போர்த்துக்கீசர் 1630இல் ரந்தெனிவெலவிலும் 1638இல் கண்ணொருவையிலும் அழிந்தது, துப்பாக்கியில் தோற்றதனால் அன்று; இடத்தில் தோற்றதனால். பின்னாளில் ஆங்கிலேயர் கண்டியைக் கைப்பற்றியதும் முதல் வேலையாகப் பெருவீதிகளை வெட்டினார்களே, அதன் பொருளை என் பேரன் ஒரு நொடியில் விளங்கிக்கொண்டான். "மெப்ப மாத்திட்டாங்க!" என்றான்.

வாகனங்களின் கதைக்கு வருவோம். ஜீப்பு, கார், பக்கத்தொட்டில் பூட்டிய மோட்டார் சைக்கிள், படகு ஆகியவை வீதியோரமும் கரையோரமும் அநாதையாக நிற்கின்றன. ஏறினவன் விரைவாகப் போகலாம். ஆனால் இயந்திர ஓசை நெடுந்தூரம் கேட்கும், சில்லைச் சுட்டு நிறுத்தலாம், பெற்றோல் தீர்ந்துபோகும். இவ்வளவு நுணுக்கம் பார்த்தவர்கள் மலைச்சரிவை மட்டும் மிக எளிதாக்கிவிட்டார்கள். பேரன் ஒரு ஜீப்பைச் செங்குத்தான சரிவில் உருட்டினான். அது இரண்டு குட்டிக்கரணம் போட்டு, நிமிர்ந்து நின்று, மேலே ஓடியது! "தம்பி, இறம்பொடைக் கணவாயில் இது நடக்காது" என்றேன். பிறகு அவர்களுக்கு ஒரு பழங்கதை சொன்னேன்.

சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலத் துரை 1848ஆம் ஆண்டளவில் நுவரெலியாவிற் குடியேற வந்தவர். இலங்கையில் தாம் கழித்த எட்டு ஆண்டுகளைப் பற்றி 1855இல் ஒரு நூல் எழுதினார். அவருடைய வண்டியையும் குதிரைகளையும் இந்தக் கணவாய் வழியாக மேலே கொண்டுவரும் பொறுப்பு பேர்க்ஸ் என்னும் வண்டிக்காரனுடையது. மதுவும் அவசரமும் சேர்ந்த ஆசாமி. வண்டி பள்ளத்தில் உருண்டது. பள்ளம் அப்படியொன்றும் ஆழமில்லை, எண்பது அடிதான் இருக்கும் என்று எசமானுக்கு அவன் எழுதிய கடிதம் அந்நூலில் இருக்கிறது. நூற்றுக்கு மேற்பட்ட கூலியாட்கள் சேர்ந்தும் வண்டியை அசைக்க முடியவில்லையாம். பின்னர் அதனை இழுத்துவர யானையொன்றை அவனிடம் ஒப்படைத்தார்கள். குதிரையை விரட்டுவதுபோல யானையை விரட்டினான். அதுவும் செத்துப் போயிற்று.

பையன்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் எனக்குத் தோன்றியது வேறு. பேர்க்ஸின் பெயர் நூலில் இருக்கிறது. யானைக்கும் நாலு வரி இருக்கிறது. பள்ளத்தில் இறங்கித் தோள்கொடுத்த அந்த நூறு பேர் எண்ணிக்கையாக மாத்திரமே நிற்கிறார்கள்.

இன்னொரு நாள் பையன்களின் பேச்சு எங்கள் ஊருக்கே திரும்பிவிட்டது. இறம்பொடை ஒரு விளையாட்டு நிலமாக இருந்தால் எப்படியிருக்கும் என்று வாதாடினார்கள். வீதியில் உள்ள சுரங்கவழியின் வாயில் பதுங்கினால் ஒரு வண்டியும் தப்பாது என்றான் ஒருவன். நீர்வீழ்ச்சியின் இரைச்சலில் காலடி ஓசை கேட்காது, அதுவே ஒளிய நல்ல இடம் என்றான் இன்னொருவன். அநுமார் கோயில் மேட்டிலிருந்து கொத்மலை நீர்த்தேக்கம் வரை தெரியுமே, அங்கே தூரத் துப்பாக்கி வைக்க வேண்டும் என்றான் என் பேரன். இராமனின் படை தங்கியதால் இப்பெயர் வந்தது என்று சொல்லும் ஊரில், கல்லையும் மரத்தையும் கண்ட இடத்திற் பிடுங்கிப் போரிட்ட வானரங்களின் ஊரில், இதொன்றும் புதுமையில்லை என்று முதலில் இரசித்தேன். தேயிலை மலையின் கான்களை அவர்கள் பதுங்குகுழியாக எண்ணியபோதும் இரசித்தேன். "பணிய லயத்துல பொருள் நெறைய வைக்கணும். வாசல் எல்லாம் ஒரே வரிசை, சீக்கிரமா கொள்ளையடிக்கலாம்" என்று ஒருவன் சொன்னபோது என் இரசனை நின்றுவிட்டது.

"அங்கே ஆட்கள் இருப்பார்களே?" என்றேன்.

"விளையாட்டுல வீட்டுல ஆளிருக்க மாட்டாங்க தாத்தா."

உண்மைதான். அதுவரை நான் அதனைக் கவனிக்கவில்லை. எராங்கெல் தீவில் பள்ளிக்கூடம் இருக்கிறது, மருத்துவமனை இருக்கிறது, நூற்றுக்கணக்கான வீடுகள் இருக்கின்றன. கட்டிலும் மேசையும் போட்டபடி கிடக்கின்றன. மனிதர் இல்லை. கிரீன் தம் மகளின் பெயரைத் தழுவி அந்தத் தீவுக்குப் பெயரிட்டாராம். மகளின் பெயரைத் தாங்கிய ஊரிலும் ஒரு குழந்தை இல்லை. இருந்தால் விளையாட முடியாது என்பது வாஸ்தவம். கொழுந்துக்கூடையோடு ஒரு பெண் சரிவில் ஏறிக்கொண்டிருந்தால் எந்தப் பையன் துப்பாக்கியைத் தூக்குவான்? புறநானூற்றில் நெட்டிமையார் பாடிய மன்னன், அம்பு தொடுக்குமுன் பசுக்களையும் பெண்களையும் பிணியாளரையும் புதல்வரைப் பெறாதவரையும் அரண் தேடிக்கொள்ளும்படி அறிவிக்கிறான். ஊரைக் காலிசெய்த பிறகே அவனுக்குப் போர். இங்கே அந்த அறிவிப்பு யாராலோ முன்னரே கொடுக்கப்பட்டுவிட்டது. துப்பாக்கிதான் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று பெரியவர்கள் குறைசொல்கிறார்கள். என்னைக் கேட்டால் துப்பாக்கியை விட அந்தக் காலி வீடுகளையே சொல்வேன். வீடு என்பது பொருள் எடுக்கும் இடம் என்று கண் பழகிப் போகிறது.

காலியான வீட்டை நான் சிறுவயதிலேயே பார்த்தவன். சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் 1964 அக்டோபர் 30ஆம் நாள் செய்துகொண்ட ஒப்பந்தம், நாடற்றவர்களாகிய எங்கள் மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று வகுத்தது. மீதி 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். இரண்டு தலைநகரங்களில் வரைந்த கோடு எங்கள் லயத்தின் நடுச்சுவர் வழியாகப் போயிற்று. 1973இல் எங்கள் பக்கத்துக் காம்பராக்காரர்களுக்குப் பயணம் வந்தது. அந்த வீட்டு அத்தை வாசலில் விழுந்து அழுததும், சாமான்களோடு லொறி பிரட்டுக்களத்தைத் தாண்டியதும், அவர்களின் நாய் வெகுதூரம் பின்னால் ஓடியதும் இன்றும் கண்ணில் நிற்கின்றன. தலைமன்னாருக்குப் போன அந்தக் கோச்சிக்கு மலைநாட்டார் ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

மறுநாள் காலை நானும் என் வயதுப் பையன்களும் அந்தக் காம்பராவுக்குள் புகுந்தோம். தூக்க முடியாத அம்மிக்கல் மூலையில் இருந்தது. சுவரில் ஒரு நாட்காட்டி. அடுப்பில் சாம்பல். நான் ஒரு மைப்போத்தலும் உடைந்த பம்பரமும் கண்டெடுத்தேன். ஆம், நாங்களும் தேடிப் பொறுக்கியவர்கள்தாம். பேரனைக் கண்டிக்க எனக்கு என்ன யோக்கியதை என்று அன்றிரவு எண்ணிக்கொண்டேன். பம்பரத்தோடு போன என்னை அம்மா அடிக்கவில்லை. அந்த வீட்டுக் கதவின் தாழ்ப்பாள் பழுது; காற்றடித்தால் திறந்துகொள்ளும். அம்மா மலையிலிருந்து வந்ததும் கூடையை இறக்கிவைத்துவிட்டு, முதலில் போய் அந்தக் கதவைச் சாத்திக் கல் முட்டுக் கொடுத்துவிட்டு வருவாள். "ஆளிருக்கிற வீடு மாதிரி இருக்கட்டும்" என்பாள். புதிதாக ஒரு குடும்பம் குடிவரும்வரை பல மாதங்கள் அப்படிச் செய்தாள்.

இந்தக் கதையைப் பேரனிடம் சொன்னேன். அவன் கேட்டானா, கேட்கவில்லையா என்று தெரியாது. கண் திரையை விட்டு நகரவில்லை. மூடுபனி பாறைவரை வந்துவிட்டது. மற்றப் பையன்கள் வீட்டுக்கு இறங்கத் தொடங்கிவிட்டார்கள். எராங்கெல் தீவின் ஒரு மரவீட்டுக்குள் அவன் தனியே நுழைந்தான். உள்ளே போனதும் திரும்பிக் கதவைச் சாத்தினான்.

"ஏன் தம்பி சாத்துகிறாய்?"

"தெறந்து கெடந்தா யாரோ வந்திருக்காங்கன்னு தெரிஞ்சிரும் தாத்தா. சாத்தியிருந்தா உள்ள யாரும் இல்லன்னு நெனச்சிக்கிட்டுப் போயிருவாங்க."